ஹியூபர்ட் சொன்ன எண்

ஹியூபர்ட்டுக்கு வலிக்காது என்பது எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான்காம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டில் அவன் விரல் நசுங்கியது. நகம் பெயர்ந்து தொங்குகிறது, வாத்தியார் பதறியடித்து ஓடி வருகிறார், இவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு "ஒண்ணும் இல்ல சார்" என்கிறான். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மயக்கம் வந்தது. அன்றைக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது எனக்கு.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. அவன் அப்பா பிரெட்ரிக், அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் மண்டோர், அதாவது கங்காணி. காட்டில் ஆட்களை வேலை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகளை வெளுத்து வாங்குவார். அடி வாங்கியதும் அழுகிற பிள்ளைக்கு இன்னொரு அடி உண்டு, அழாத பிள்ளைக்கு இல்லை. ஹியூபர்ட் சீக்கிரமே கற்றுக்கொண்டான். அவன் அம்மா பிளோரன்ஸ் இறந்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்துக் கல்லறை வரை வந்தான், மண் போட்டான், திங்கட்கிழமை பட்டறை வேலைக்குப் போய்விட்டான். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு எஸ்டேட் கை மாறியது. பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் போனதில், ஹியூபர்ட்டும் நானும் சுங்கை சோவில் ஒரே தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் வந்து விழுந்தோம். எனக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பிழைப்பு. அவனுக்குச் செரண்டாவில் தரை ஓடு செய்கிற தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போவான், பொழுது சாய வருவான். "வேலை எப்படிடா?" என்றால் "பரவால்ல லா" என்பான். "முதுகு வலி எப்படி?" "பரவால்ல லா." அவனிடம் பேச்சுக் கொடுப்பதும் சுவரில் பந்து அடிப்பதும் ஒன்று.

அவன் மனைவி அகதா எங்கள் ஊர்த் தனியார் கிளினிக்கில் வேலை செய்கிறாள். மருந்து எடுத்துக் கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவள்தான். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். ஒரே மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, அவர்கள் அசாம் ஜாவா போய்ப் பழைய எஸ்டேட் கல்லறையில் புல் வெட்டி, அப்பா அம்மா கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து வருவார்கள். நான் முருகனைக் கும்பிடுகிறவன், ஆனால் வேன் என்னுடையது, அதனால் நானும் போவேன். மற்ற குடும்பங்கள் எல்லாம் டப்பா பெயிண்டுக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. ஹியூபர்ட் மட்டும் சுண்ணாம்பு. அப்பாவுக்குப் பெயிண்ட் பிடிக்காதாம். செத்துப் போன மனுஷனுக்கு என்ன பிடித்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். பதில் தெரிந்ததுதானே, பரவால்ல லா.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாளியில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கட்டையால் கிளறிக்கொண்டிருந்தான். அடியில் ஒரு கட்டி கரையாமல் கிடந்தது. ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். வாளியிலிருந்து குபீரென்று கிளம்பிய சுண்ணாம்பு நேராக அவன் வலது கண்ணில் விழுந்தது. அகதா கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலை அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தாள். அந்தச் செம்பனைக் காட்டுக்குள் வேறு தண்ணீர் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், கிளம்புங்க" என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பரவால்ல. இன்னும் ஒரு பக்கம்தான் இருக்கு."

நான் வேன் சாவியை ஆட்டிக் காட்டிக் கத்தினேன். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் பார்த்து, மிச்சப் பக்கத்தையும் சிலுவையையும் நிதானமாக வெள்ளை அடித்து முடித்துவிட்டுத்தான் வந்தான். கல்லறைக்குள் போன பிறகும் அந்த மண்டோர் மகனிடம் வேலை வாங்கிவிட்டார். எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்க வைத்து முதலில் ஒரு சொட்டு மருந்து விட்டார்கள். அது சுருக்கென்று எரிந்ததாகவும், அப்புறம் கண் மரக்கட்டையாகப் போனதாகவும் பிற்பாடு சொன்னான். மரத்துப் போன கண்ணைப் பை பையாக மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். மேல் இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துணுக்குகளைப் பஞ்சால் எடுத்தார்கள். எடுத்தவர் டாக்டர் கலாவதி. அவன் மகள் வயதுதான் இருக்கும், சிரிப்பு கொஞ்சம் குறைவு.

"வலி எவ்வளவு அங்கிள்? கொஞ்சம்கூட இல்லைன்னா சைஃபர், தாங்கவே முடியலைன்னா பத்து."

"கோசோங்" என்றான் ஹியூபர்ட். சைஃபருக்கு நாங்கள் இங்கே சொல்கிற வார்த்தை அதுதான்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மருந்தில் மரத்திருக்கும் என்று விட்டுவிட்டார். ஆனால் அடுத்த வாரமும் கோசோங்தான், அதற்கு அடுத்த வாரமும் கோசோங்தான்.

வாரா வாரம் படம் எடுக்க வரச் சொன்னார்கள். நான்தான் கூட்டிப் போனேன், உள்ளே போகும்போது அகதா என்னையும் கூப்பிட்டுக்கொள்வாள். படம் எடுப்பது புஷ்பா என்ற அம்மா. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டச் சொல்லுவார். நுனியில் ஆரஞ்சுச் சாயம் தடவிய காகிதக் கீற்று ஒன்றைக் கீழ் இமைக்குள் தொட்டு எடுப்பார். அறை விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் பாய்ச்சினால், கண்ணில் எங்கெல்லாம் மேல்தோல் இல்லையோ அங்கெல்லாம் சாயம் பிடித்துப் பச்சையாக ஒளிரும். முதல் படத்தைத் திரையில் பார்த்தேன். கருவிழி முழுக்கப் பச்சை. ஓரத்தில் ஒரு கீற்று மட்டும்தான் கறுப்பாக இருந்தது.

"புதுத் தோல் இந்த ஓரத்துலேர்ந்துதான் வரணும்" என்று டாக்டர் விரலால் காட்டினார். "கருவிழியச் சுத்தி இருக்கிற வளையத்துலதான் விதை மாதிரி இருக்கு. கீழ்ப் பக்கம் சுண்ணாம்புல வெந்துபோச்சு. மேல்பக்கம் உயிரோட இருக்கு. அங்கேருந்து புல் படர்ற மாதிரி படர்ந்து மூடணும். மூடலைன்னா கண் ஓட்டை விழுந்து போயிரும். வாரா வாரம் பச்சை குறையுதான்னு பாப்போம்."

பச்சை குறைந்தது. இரண்டாவது படத்தில் மேல் ஓரம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். நான்காவது படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி அகதா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஹியூபர்ட் மட்டும் யாருடைய கண்ணோ என்று உட்கார்ந்திருந்தான்.

அந்த வீட்டில் சத்தமே இல்லாமல் போனது அந்த நாட்களில்தான். ஹியூபர்ட் கூடத்து நாற்காலியில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். டிவி ஓடாது. அகதா வேலைக்குப் போகுமுன் சொட்டு மருந்து விடுவாள், வந்ததும் விடுவாள். சோறு போடுவாள், சாப்பிடுவான். சாயந்திரம் நான் போய் எதிரே உட்கார்ந்து வேன் பிள்ளைகளின் கதையாக ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போகும். வெளிச்சம் மங்கி, எழுந்து போய் விளக்கைப் போடக்கூட ஒருவருக்கும் தோன்றாது.

டிசம்பரில் சர்ச்சிலிருந்து கேரல் பாட வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். கிதாரும் கைத்தட்டலுமாக வாசலில் கூட்டம். ஹியூபர்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்று சிரித்தான். "கண்ணு எப்படி அங்கிள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்க, ஒவ்வொருவருக்கும் பரவால்ல லா சொன்னான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அகதா மட்டும் அவன் காலைப் பார்த்தாள். செருப்பில்லாத காலின் பத்து விரல்களும் உள்ளே மடங்கித் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. மண்டோர் அடிக்கும்போது அவன் அப்படித்தான் நிற்பான் என்று நான் ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஹியூபர்ட் தேறிவிட்டான். கிறிஸ்மஸுக்கு என் வீட்டுக்குத் தானே கேக் கொண்டுவந்தான். டிவி ஓடியது. ஆட்டிறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அகதா நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வேலைக்குப் போனாள். பிழைத்துக்கொண்டான் என்று நான் நினைத்தேன்.

ஜனவரியில் டாக்டர் கலாவதி எல்லாப் படங்களையும் திரையில் வரிசையாகப் போட்டுக் காட்டினார். முதல் வரிசையில் பச்சை சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் வரிசையில் எல்லாப் படமும் ஒன்றுதான். அதே அளவு, அதே வடிவம். கடைசிப் படத்தில் பச்சையின் விளிம்பு தடித்து, சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம் போட்டிருந்தது.

"நல்லா வந்துக்கிட்டிருந்த தோல் இங்க நின்னுபோச்சு" என்றார் டாக்டர். "எனக்குப் புரியல. கிருமி எதும் இல்ல. வலி எவ்வளவு அங்கிள்?"

"கோசோங்."

டாக்டர் பஞ்சைத் திரித்து நுனியால் அவன் கருவிழியைத் தொட்டார். பார்த்துக்கொண்டிருந்த என் கண் தானாக மூடிக்கொண்டது. ஹியூபர்ட் இமைக்கவில்லை. மறுபடியும் தொட்டார். மரம் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"கண்ணோட நரம்பு செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "உணர்ச்சி இல்லாத கண்ணுல தோல் வளராது. அடுத்த வாரம் ரெண்டு இமையையும் சேர்த்துத் தைச்சிடலாம். பல மாசம் மூடியே இருக்கணும். அப்பவும் வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். நான் கொடுத்தது தவிர வேற மருந்து எதும் விடுறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றான் ஹியூபர்ட்.

அகதா இரண்டாம் வரிசையின் முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தேதி போட்டிருந்தது.

வேன் ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டியிருக்காது. "அண்ணே, ஓரமா நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்தினேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காத்திருக்கும் இடத்தில்கூட அவள் அதை எடுத்து அவன் கண்ணில் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் கொடுத்த மருந்துகளில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

"இது மரத்துப்போற மருந்துண்ணே. எங்க கிளினிக்ல வெல்டிங் வேலை செய்றவங்களுக்குக் கண்ணுல இரும்புத்தூள் எடுக்க விடுறது. கேரல் வந்தாங்கல்ல, அதுக்கு மறுநாள் எடுத்துட்டு வந்தேன். அன்னையிலேருந்துதான் நின்னுபோயிருக்கு. படத்துல பாத்தேன்."

"உங்க டாக்டர் இத வீட்டுக்குக் குடுப்பாரா?"

"குடுக்கவே மாட்டாரு. கேக்கிறவங்க எல்லாரையும் திட்டி அனுப்புவாரு. கஞ்சத்தனத்துல சொல்றாருன்னு நினைச்சேன்." பின் சீட்டில் பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். "கண்ணுக்குச் சத்து மருந்துன்னு இவர்கிட்ட பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியும்" என்றான் ஹியூபர்ட்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மொத நாள் ஆஸ்பத்திரில விட்டாங்கல்ல, அதே எரிச்சல். விட்டதுமே தெரிஞ்சிருச்சு. நீ வேலைக்குப் போனப்புறம் நானே எடுத்து விட்டுக்குவேன். கெடுதல்னு தெரியாது. ஒனக்கும் தூக்கம் வந்துச்சு, அதான் ஒண்ணும் சொல்லல."

"டேய், டாக்டர் கேட்டாங்களேடா! கோசோங்னு சொன்னியே!"

"அது நெசம்தானடா. இந்த மருந்துக்கு முந்தி வாரா வாரம் சொன்னதுதான் பொய்யி."

நான் கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஒருத்தி வலியைப் பார்க்க முடியாமல் பொய் சொல்கிறாள், ஒருத்தன் அவள் பொய்யைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான், நடுவில் ஒரு கண் செத்துக்கொண்டிருக்கிறது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தையை முதல் வாரமே சொல்லித் தொலைத்திருந்தால் டாக்டரே அதற்கு ஒரு வழி செய்திருப்பாரே என்றேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேனைத் திருப்பினேன்.

அகதா டாக்டர் மேசை மேல் பாட்டிலை வைத்தாள். அதன் பெயரைப் படித்ததும் டாக்டரின் முகம் மாறியது. "இது தோலை வளர விடாதுன்னு தெரியாதா? கிளினிக்ல வேலை செய்றவங்க நீங்க!"

"நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன் டாக்டர்" என்றான் ஹியூபர்ட்.

"இல்ல. இவரு ஒண்ணும் கேக்கல" என்றாள் அகதா. "இவரு எதையும் கேக்க மாட்டாரு."

டாக்டர் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி. நரம்பு நெஜமாவே செத்துப்போச்சா, இல்ல மருந்தால மரத்திருக்கான்னு இப்ப சொல்ல முடியாது. இந்த நிமிஷத்தோட இத நிப்பாட்டுங்க. வலிக்கு மாத்திரை தர்றேன், ஆனா முழுசாக் கேக்காது. ரொம்ப வலிக்கும். வலிச்சா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். வலிக்கலைன்னா அடுத்த வாரம் தைச்சுத்தான் ஆகணும்."

அந்த வாரம் பொங்கல். நான் பொங்கல் எடுத்துக்கொண்டு போனபோது ஹியூபர்ட் துண்டைக் கண்ணில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரை இழுத்துவிட்டிருந்தது, டிவி இல்லை. அகதா விடுப்பு எடுத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் இருந்தாள். கைகள் இரண்டும் மடியில். அவன் கால்விரல்கள் மடங்கியிருந்தன.

"வலிக்குதாடா?" என்றேன்.

"பரவால்ல."

"வலிக்குதுன்னு ஒரு தடவ சொல்லுங்களேன்" என்றாள் அகதா. அழவெல்லாம் இல்லை. பல தடவை கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன குரல். "எனக்குக் காலப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. வாயத் தொறந்து சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பொங்கல் ஆறிப்போய்க் கிண்ணத்திலேயே கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் புஷ்பாம்மா காகிதக் கீற்றைக் கண்ணருகே கொண்டு போனார். இமையில் பட்டதுதான் தாமதம், ஹியூபர்ட் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மறுபடி தாடையை வைக்கச் சொல்லி நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினார். கண் நிற்கவில்லை. படபடவென்று அடித்துக்கொண்டது, தண்ணீர் கன்னத்தில் வழிந்தது, முதல் படம் கலங்கிப்போனது, இரண்டாவதும் கலங்கிப்போனது. "இத்தன வாரமா பொம்ம மாதிரி உக்காந்திருந்தீங்க. இன்னைக்கு என்னா?" என்றார் புஷ்பாம்மா. மூன்றாவதுதான் உருப்படியாக வந்தது. வெள்ளை வளையம் மங்கியிருந்தது. பச்சையின் மேல் விளிம்பு, ஒரு நூல் அளவுதான், கீழே இறங்கியிருந்தது.

டாக்டர் அந்தப் படத்தையும் போன வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பினார். "வலி எவ்வளவு அங்கிள்? யோசிச்சுச் சொல்லுங்க."

ஹியூபர்ட் தரையைப் பார்த்தான். அகதா அவன் காலைப் பார்த்தாள். ஷூ போட்டிருந்தான், ஒன்றும் தெரியவில்லை.

"எட்டு" என்றான்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

"காலையில ஒம்பது" என்றான், இன்னும் கொஞ்சம் சத்தமாக. குரல் கரகரத்தது.

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "நல்லது. தைக்க வேண்டாம்" என்றார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பச்சை முழுதாக மறைய ஈஸ்டர் வரை ஆனது. கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஒரு மேகம் தங்கிவிட்டது. அந்தக் கண்ணால் ஆள் தெரியும், முகம் தெரியாது. ஃபோர்க்லிஃப்ட் வேலை போனது, அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அகதா தன் கிளினிக் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை, மருந்து அலமாரிச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். இந்த வருடம் கல்லறைக்குப் பெயிண்ட் வாங்கினோம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவன் எட்டு என்று சொன்ன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த வழிதான். ராவாங் சந்திப்பில் வழக்கமான நெரிசல். வேன் நின்று நின்று நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அகதா குனிந்து அவன் வலது ஷூவைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள். மடங்கியிருந்த விரல்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குது அகதா" என்றான்.

"ம்."

"ரொம்ப வலிக்குது."

"தெரியும்" என்றாள். "சொல்லுங்க."